மடிக்கணினிக்கு இரண்டாவது வைஃபை: விற்பவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரூட்டர் கூடத்திலும் மடிக்கணினி உள்ளறையிலோ மாடியிலோ இருக்கும் வீடுகளில், ஒரு 'வைஃபை பூஸ்டர்' வாங்கிச் செருகிவிட்டால் இணையம் வேகமாகிவிடும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பிப்பவன் என்பதால், மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் பொருளை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். கணினிக்குள்ளேயே ஒரு வைஃபை இருக்கிறது, வெளியில் ஆன்டெனா வைத்த இன்னொன்றையும் செருகியாயிற்று, இரண்டும் சேர்ந்தால் வேகம் அதிகரிக்க வேண்டும் அல்லவா என்பதே அவர்களுடைய கேள்வி. அப்படி அதிகரிப்பதில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது கருவி வீண் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. எந்த நிலையில் அது உதவும், எந்த நிலையில் உதவாது என்பதை விற்கும் இடத்திலேயே சொல்லிவிட்டால் பல குடும்பங்களின் பணமும் மாணவர்களின் நேரமும் மிஞ்சும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. சுவரிலுள்ள பிளக்கில் செருகி, ரூட்டரின் சிக்னலை வாங்கி மறுபடியும் பரப்பும் ரிப்பீட்டரும் 'பூஸ்டர்' என்றே விற்கப்படுகிறது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிளும் அதே பெயரில் விற்கப்படுகிறது. ரிப்பீட்டர் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. டாங்கிளோ செருகப்பட்ட அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. அருகிலிருக்கும் கைப்பேசிக்கோ தொலைக்காட்சிக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. உண்மையில் டாங்கிள் எதையும் பெருக்குவதில்லை. மடிக்கணினிக்குள் இருப்பதைப் போலவே அதுவும் தன்னளவில் முழுமையான ஒரு வைஃபை அடாப்டர், அதாவது கணினியை வைஃபையுடன் இணைக்கும் கருவி. கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னலைப் பெருக்கும் கருவி இவ்விரண்டிலிருந்தும் வேறானது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர மற்றவர்கள் அதைப் பொருத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அதையும் 'சிக்னல் பூஸ்டர்' என்ற பெயரில் இணையச் சந்தைகளில் பார்த்து, வைஃபைக்கு என்று நினைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

டாங்கிளைச் செருகியதும் கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்கினால், வேகம் ஏன் கூடுவதில்லை என்பது புரிந்துவிடும். விண்டோஸ் அதை 'வைஃபை 2' என்ற பெயரில் தனி இணைப்பாகப் பதிந்துகொள்கிறது. உள்ளிருக்கும் அடாப்டரும் டாங்கிளும் ஒரே ரூட்டருடன் ஒரே நேரத்தில் இணைந்திருக்க முடியும். ரூட்டரும் அவற்றை இரண்டு வெவ்வேறு கருவிகளாகக் கருதி இரண்டு ஐபி முகவரிகளை, அதாவது வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்களை, வழங்கிவிடும். ஆனால், கணினியிலிருந்து இணையத்துக்குச் செல்லும் தரவு அவற்றில் ஒரு வழியாகவே போகும். எந்த வழி என்பதை ஒவ்வோர் இணைப்புக்கும் விண்டோஸ் வைத்திருக்கும் 'மெட்ரிக்' என்ற எண் தீர்மானிக்கிறது; எண் குறைவாக உள்ள இணைப்புக்கே முன்னுரிமை. நாம் மாற்றாத வரை, இணைப்பு வேகம் அதிகமாகத் தெரியும் அடாப்டருக்குக் குறைந்த எண்ணை விண்டோஸ் தானாகவே கொடுத்துவிடும். ஆகவே டாங்கிளைச் செருகிய பிறகும் தரவு முழுவதும் பழைய அடாப்டர் வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம். பயன்படுத்துபவரோ புதிய கருவியின் திறனைச் சோதித்துக்கொண்டிருப்பதாக எண்ணுவார். "வாங்கியும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சொல்பவர்களில் பலருடைய கணினியில் நடந்திருப்பது இதுதான்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிக்னல் ஏறி இறங்கும்போது கணினி ஒரு வழியை விட்டு மற்றொரு வழிக்கு மாறினால், அதன் ஐபி முகவரியும் மாறிவிடுகிறது. செய்தி படிப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். காணொளி வழியாக நேர்முகத் தேர்வில் பேசிக்கொண்டிருப்பவருக்கும், இணையவழித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மாணவிக்கும் அந்த நொடியில் தொடர்பு அறுந்துபோகலாம். உறுதியான இணைப்பு வேண்டும் என்று வாங்கிய கருவியே உறுதியின்மைக்குக் காரணமாகிவிடுவதை எண்ணித்தான் நான் வருந்துகிறேன்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கினாலாவது காற்றுவெளியில் கூடுதல் இடம் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. ஒரே ரூட்டரின் ஒரே சேனலில் (அலைவரிசையின் ஓர் உட்பிரிவில்) இருக்கும் கருவிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகவே பேச முடியும். ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. ஒரே கணினியில் சில அங்குல இடைவெளியில் இரண்டு அடாப்டர்கள், வைஃபை இயங்கும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கினால், ஒன்றின் ஒலிபரப்பு மற்றொன்றின் வரவைக் கெடுக்கவும் செய்யும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மேற்படாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்த மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களால் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. இரண்டு இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் தனி மென்பொருள்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். எனினும் இரண்டு அடாப்டர்களும் போய்ச் சேர்வது ஒரே ரூட்டருக்கும் அதன் பின்னால் உள்ள ஒரே இணைய இணைப்புக்கும் என்னும்போது, அவற்றால் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

அப்படியானால் டாங்கிள் யாருக்கு உதவும்? பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு உறுதியாக உதவும், இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கணினியே இல்லாத இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மடிக்கணினி வந்தது. பத்தாண்டுகளைத் தாண்டிய மடிக்கணினிகளை இன்றும் தம்பி தங்கைகள் பயன்படுத்தும் குடும்பங்களை நான் அறிவேன். அக்காலத்தில் குறைந்த விலையில் வந்த மடிக்கணினிகள் பலவற்றின் அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ஒற்றை ஆன்டெனாவுடன் இயங்கும் அத்தகைய அடாப்டர், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் ஏட்டளவில் எட்டக்கூடிய உச்ச வேகமே நொடிக்கு 72 மெகாபிட். கையில் கிடைப்பது அதில் பாதி அளவுதான். வீட்டுக்கு 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு வந்திருந்தாலும் அந்தக் கணினியால் அதை அனுபவிக்க முடியாது. 2013இல் வந்த 'ஏசி' (802.11ac) என்னும் வைஃபை தரத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் ஏற்கும் ஒரு டாங்கிள் அங்கே பெரிய மாற்றத்தை ஏற்படுத்தும். நம் நாட்டில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டதால், அங்கே நெரிசலும் குறைவு. ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதாக இருக்க வேண்டும் என்பதையும், அந்த அலைகள் சுவர்களைக் கடக்கும்போது 2.4ஐவிட விரைவாக நலிவடையும் என்பதையும் மறக்கக் கூடாது. ரூட்டர் உள்ள அறையிலோ அடுத்த அறையிலோ அமர்ந்திருப்பவருக்கு இந்த மாற்றம் நன்மை தரும். இரண்டு கான்கிரீட் தளங்களுக்கு அப்பால் இருப்பவருக்குத் தராது.

தொலைவு என்னும் சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைஃபை வானொலியைப் போல ஒருவழிப் பாதையில்லை. ரூட்டர் அனுப்பும் தரவு கிடைத்தது என்று கணினி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; பதில் வராவிட்டால் ரூட்டர் அதையே மறுபடி அனுப்பும், வேகத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். ரூட்டரை மட்டும் ஆற்றல் மிக்கதாக மாற்றுவது, ஒருவர் ஒலிபெருக்கியில் பேச, மற்றவர் வெறுங்குரலில் பதில் சொல்வதற்கு ஒப்பாகும். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். பக்கம் மட்டும் திறக்காது. கணினியின் பக்கத்தில் நல்ல ஆன்டெனா இருந்தால் கேட்பதும் பேசுவதும் ஒருசேர மேம்படுகின்றன என்பதால், ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிளுக்கு இந்த இடத்தில் உண்மையான மதிப்பு உண்டு. விரல் நகம் அளவில் வரும் மிகச் சிறிய டாங்கிளுக்கு அந்த மதிப்பு கிடையாது. மடிக்கணினியின் சொந்த ஆன்டெனாக்கள் திரையின் ஓரங்களில் உயரமாகப் பதிக்கப்பட்டிருக்க, அந்தச் சிறு டாங்கிளோ மேசைக்கு ஒட்டினாற்போல் உலோக உடலின் பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. புதிய மடிக்கணினியில் அதைச் செருகி, உள்ளிருக்கும் நல்ல அடாப்டரை விட்டு அதற்கு மாறுபவர் முன்பிருந்ததைவிடக் குறைந்த வேகத்தையே பெறுவார்.

பெரிய ஆன்டெனாவிலும் எதிர்பார்ப்புக்கு ஓர் எல்லை வேண்டும். ஆன்டெனா ஆற்றலை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஆற்றலை ஒரு திசையில் குறைத்து மறு திசையில் கூட்டுகிறது. பெட்டியில் '5 டிபிஐ' (ஆன்டெனா ஒரு திசையில் எவ்வளவு கூட்டுகிறது என்பதற்கான அளவு) என்று அச்சிட்டிருக்கும் நிமிர்ந்த ஆன்டெனா பக்கவாட்டில் அதிகமாகவும் மேலும் கீழும் குறைவாகவும் பரப்பும். ரூட்டருக்கு நேர் மேலே மாடியறையில் இருப்பவர் அதை நிமிர்த்தி வைப்பதைவிடச் சாய்த்து வைத்தால் பயன் கிடைக்கலாம். மேலும், சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகான டெசிபெலில் 3 கூடினால் சிக்னல் இரட்டிப்பாகும் என்றால், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று 10 டெசிபெலுக்கு மேல் விழுங்கிவிடுவது சாதாரணம். 10 டெசிபெல் என்பது பத்தில் ஒரு பங்காகக் குறைவதாகும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் குறுக்கே நின்றால் நிலைமை இன்னும் மோசமாகும். இப்படிப்பட்ட வீட்டில் ரூட்டரை பீரோவின் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்தின் நடுவே உயரமான இடத்தில் வைப்பது, எந்த டாங்கிளையும்விட அதிகம் உதவும். அதற்குச் செலவும் இல்லை.

பெட்டிகளின் மீது அச்சிடப்படும் எண்கள் பற்றியும் குறிப்பிட வேண்டும். '1200 மெகாபிட்' என்ற எண், 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். அந்த டாங்கிள் ஒரு நேரத்தில் ஏதேனும் ஓர் அலைவரிசையில்தான் இணைய முடியும் என்பதால், 1200 என்னும் வேகம் அதில் எந்நாளும் வராது. '600' என்பதும் 150, 433 ஆகியவற்றின் கூட்டல்தான். பழைய கணினியில் இருப்பது யூஎஸ்பி 2.0 துளை என்றால், அந்தத் துளையின் உச்ச வேகமே 480 மெகாபிட். நடைமுறையில் அதனினும் குறைவு. சில விளம்பரங்களில் '3000 மில்லிவாட் ஆற்றல்' என்று காண்கிறேன். யூஎஸ்பி 2.0 துளை வழங்கும் மின்சாரம் 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர், அதாவது இரண்டரை வாட். உள்ளே வருவதே இரண்டரை வாட்டாக இருக்கும்போது வெளியே 3 வாட் எப்படிப் பரப்ப முடியும்? நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த வழிசெய்த 2005ஆம் ஆண்டு விதியும், கருவியின் ஒலிபரப்பு ஆற்றலுக்கு 1 வாட் என்றே வரம்பு வைத்திருக்கிறது. விளம்பரம் உண்மையாயின் கருவி விதிக்குப் புறம்பானது. பொய்யாயின் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார். இரண்டில் எதுவானாலும் அது கடையில் இருக்கக் கூடாத பொருள்.

யூஎஸ்பி 3.0 துளையில் செருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அந்தத் துளையில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையே விளக்கியிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பக்கத்துத் துளையில் இணைத்துக் கோப்புகளை நகலெடுக்கும்போது வைஃபை தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். ஒரு மீட்டர் நீளமுள்ள தரமான யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியை வாங்கி, டாங்கிளைக் கணினியிலிருந்து விலக்கி, சற்று உயரத்தில் வைத்தால் இந்த இரைச்சலும் குறையும், ஆன்டெனாவுக்கும் நல்ல இடம் கிடைக்கும். டாங்கிள் விற்பவர்கள் இக்கம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிடலாம்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. மடிக்கணினியை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து வேகத்தை அளக்க வேண்டும். அங்கேயும் வேகம் குறைவாக இருந்து, அதே இடத்தில் கைப்பேசியிலும் குறைவாகவே இருந்தால் குறை இணைய இணைப்பிலோ ரூட்டரிலோ இருக்கிறது. எந்தக் கருவியைச் செருகினாலும் மாற்றம் வராது. கைப்பேசியில் வேகம் இருந்து கணினியில் மட்டும் இல்லையென்றால் கணினியின் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். திரையையோ பேட்டரியையோ மாற்றுவதற்காகத் திறக்கப்பட்ட மடிக்கணினி என்றால், உள்ளே அடாப்டர் அட்டையுடன் இணையும் மெல்லிய ஆன்டெனாக் கம்பிகளின் முனை கழன்றிருக்க வாய்ப்பு உண்டு. பொத்தானை விடச் சிறியதான அந்த முனையை மறுபடி அழுத்திப் பொருத்தினால், டாங்கிள் வாங்கும் தேவையே இல்லாமல் போய்விடும். பழுதுபார்ப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் வலியுறுத்தி வருகிறேன்.

டாங்கிள்தான் வேண்டும் என்று முடிவானால், உள்ளிருக்கும் அடாப்டரை நிறுத்திவிட்டு அதை மட்டும் பயன்படுத்துவதே சரியான முறை. விண்டோஸின் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் உள்ளிருக்கும் வைஃபையை 'டிசேபிள்' செய்தால் போதும். அழித்துவிட வேண்டியதில்லை, டாங்கிளைக் கழற்றும்போது மறுபடி இயக்கிக்கொள்ளலாம். வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருந்தாலும் கணினி அவற்றைத் தனித்தனியாகவே நடத்துவதால், வைஃபையை மட்டும் நிறுத்தினால் புளூடூத் ஹெட்செட்டும் மவுசும் வழக்கம்போல் இயங்கும். விமானப் பயன்முறையை இயக்கி நிறுத்த முயன்றால் எல்லாமே சேர்ந்து நின்றுவிடும். டாங்கிளைக் கணினி இயக்க உதவும் டிரைவர் மென்பொருளைப் பொறுத்தவரை, பெட்டியில் வரும் சிறு குறுந்தகட்டைப் போட இன்றைய கணினிகளில் இடமே இல்லை. அதற்காகத் தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து டிரைவரைப் பதிவிறக்குவது ஆபத்தானது. விண்டோஸ் தானாக நிறுவுவதையோ, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் இருப்பதையோ மட்டுமே ஏற்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், டாங்கிளின் சிப்புக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு அடாப்டர்களையும் ஒருங்கே இயக்குவதற்கும் நியாயமான தேவைகள் உண்டு. ஒன்றை வீட்டு ரூட்டருடனும் மற்றொன்றைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுடனும் இணைத்து வைத்தால், ஒரு வழி அறுந்தால் மற்றொரு வழி கைகொடுக்கும். மாறும் நொடியில் தொடர்பு விட்டுப்போகலாம் என்றாலும் முற்றாக நின்றுவிடாது. கல்லூரி ஆய்வகங்களில் ஓர் அடாப்டரை இணையத்துக்கும் மற்றொன்றைச் சோதனைக் கருவிகளின் தனி வலையமைப்புக்கும் வைத்துக்கொள்கிறோம். இவை வேறு வேறு வலையமைப்புகள் என்பதால் பயன் கிடைக்கிறது. ஒரே ரூட்டருக்கு இரண்டு அடாப்டர்கள் என்பதில் இத்தகைய பயன் எதுவும் இல்லை.

ஆகவே, தங்கள் நாளிதழின் வாயிலாகச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கணினிக் கடைக்காரர்கள் 'பூஸ்டர்' என்ற பொதுப் பெயரை விடுத்து, டாங்கிளா ரிப்பீட்டரா என்று பில்லிலும் வாய்மொழியாகவும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாங்க வருபவரின் மடிக்கணினி எந்த ஆண்டைச் சேர்ந்தது, ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குமா, இடையே எத்தனை சுவர்கள் என்று கேட்ட பிறகே பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் வானலைக் கருவிகளை விற்க மத்திய அரசின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவின் ஒப்புதல் தேவை என்பதால், அந்த ஒப்புதல் எண் இல்லாத டாங்கிள்களை வாங்கி அடுக்குவதை அவர்கள் தவிர்க்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர் உதவி மையங்கள், புகார் சொல்பவரிடம் "பூஸ்டர் வாங்கிப் பாருங்கள்" என்று சொல்லி அழைப்பை முடிக்கும் முன், ரூட்டர் அருகே வேகத்தை அளந்து பார்த்தாரா என்றாவது கேட்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் சுவரும் அமைப்பும் வேறுபடுவதால், வீட்டில் வைத்துப் பார்த்துப் பயனில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் டாங்கிளைத் திருப்பித் தரும் வசதியை உள்ளூர்க் கடைகளும் அளித்தால், படிப்புக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கும் மாணவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
மின்னணுவியல் விரிவுரையாளர்,
தஞ்சாவூர்.